ஒரு சாண் குறைந்த தட்டி

குற்றாலத்தில் சாரல் பிடித்துவிட்டது என்று யாராவது முகமெல்லாம் பல்லாக வந்து சொன்னால் நான் இன்றைக்கும் அந்த இடத்தை விட்டு எழுந்து போய்விடுவேன். ஊரே கொண்டாடுகிற ஒன்றைக் கண்டு பயப்படுகிறவன் என்று வெளியே சொல்லிக்கொள்வதில்லை. சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். கேட்டால் ஒரு சன்னலைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கும்.

செங்கோட்டை திருவிதாங்கூரிலிருந்து பிரிந்து நம்முடைய ராஜ்யத்தோடு சேர்ந்ததற்கு அடுத்த வருஷம் அது. எனக்கு இருபத்தாறு வயது. தென்காசியில் பத்திரங்களுக்கு நகல் எழுதுகிற குமாஸ்தாவாக இருந்தேன். ஆய்க்குடிப் பக்கத்து வயல், குத்துக்கல்வலசைப் புஞ்சை என்று எத்தனையோ நிலங்களுக்கு நான்கு எல்லையும் நீள அகலமும் என் கையால் எழுதியிருக்கிறேன். ஒரு நிலத்தையும் போய்ப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டியதும் இல்லை. மூலத்தில் என்ன இருக்கிறதோ அது நகலில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் உத்தியோகம். என் நகலில் அடித்தல் திருத்தல் இருக்காது என்று எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

வீட்டில் அக்காவும் நானும்தான். அப்பா அம்மா இரண்டு பேரும் முன்பே போய்ச் சேர்ந்திருந்தார்கள். அக்கா என்னைவிட ஐந்து வயது மூத்தவள். கல்யாணத்துக்கு முன்னால் பெண்கள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். கல்யாணமான மூன்றாம் வருஷம் இருமல் ஆரம்பித்தது, பிறகு இருமலில் ரத்தம் வந்தது. அத்தான் வீட்டில் நல்லபடியாகத்தான் சொன்னார்கள், குணமாகட்டும், நாங்களே வந்து கூட்டிக்கொண்டு போகிறோம் என்று. சொல்லிவிட்டு அவளுடைய டிரங்குப் பெட்டியையும் சேர்த்தே அனுப்பிவிட்டார்கள். பெட்டியைப் பார்த்ததும் எனக்குப் புரிந்துவிட்டது. அவளுக்கு எப்போது புரிந்தது என்று தெரியாது.

எட்டு மாதம் க்ஷயரோக ஆஸ்பத்திரியில் இருந்தாள். மாசி மாதம் வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "புண் ஆறியிருக்கு. ஆனா மேல தோல் மூடுன மாதிரிதான். இந்த வருஷம் மட்டும் நெஞ்சுல ஈரக் காத்து படாம பாத்துக்கோங்க. ஒரு தடவ நனைஞ்சு காய்ச்சல் வந்தா மறுபடியும் திறந்துக்கும், அப்புறம் என்கிட்ட கொண்டுவந்து பிரயோஜனமில்ல. அதுக்காக சன்னல அடைச்சு இருட்டுல போட்டுராதீங்க. காத்து வேணும், ஈரம் கூடாது" என்றார். நான் தலையை ஆட்டினேன். காற்று வேணும், ஈரம் கூடாது. வேறு ஊரில் இது லேசான காரியமாக இருக்கலாம்.

தென்காசியில் நாங்கள் குடியிருந்த வீட்டுக்காரர் இரண்டு வாரம் இருமலைக் கேட்டார். மூன்றாவது வாரம் வாசலில் நின்றபடியே, உள்ளே வராமல், "தம்பி, நீங்க எத்தன வருஷம் வேணா இருங்க. அக்காவ மட்டும் எங்கயாவது..." என்று இழுத்தார். தெருவுக்கே தெரிந்துவிட்டது. அதற்குப் பிறகு நான் கேட்டுப் போன வீடெல்லாம் அன்றைக்குக் காலையில்தான் வேறு ஆளுக்குப் பேசி முடிந்திருக்கும்.

கடைசியில் கிடைத்தது குற்றாலத்தில், மலையைப் பார்த்து மேற்கே முகம் வைத்த ஒரு வீடு. குற்றாலத்தில் யார் வருகிறார்கள், யார் போகிறார்கள் என்று யாரும் கேட்பதில்லை. திருவிதாங்கூர்க்காரர் ஒருவர் செங்கோட்டை ஆசாரியை வைத்துக் கட்டியது. எல்லை மாறினதும் அவர் ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டி மலைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். ஆறு மாதமாகப் பூட்டிக் கிடந்ததில் யாரோ சன்னல் கதவுகளைக் கழற்றிக்கொண்டு போய் விறகாக்கியிருந்தார்கள். கம்பி மட்டும் மிச்சம். அக்காவைப் படுக்கவைக்கக்கூடிய அறை ஒன்றுதான், மற்றது புகை அடிக்கும் அடுக்களை. அந்த அறைக்கு ஒரே சன்னல், நல்ல அகலம், நேராக மேற்கே. ஈரம் ஆகாத நெஞ்சைச் சாரல் அடிக்கிற சன்னலுக்கு எதிரே கொண்டுபோய் வைத்தான் பார் என்று நீங்கள் நினைப்பது எனக்குக் கேட்கிறது. வேறு வீடு இல்லை என்றுதான் திரும்பவும் சொல்வேன்.

சன்னலுக்கு மூங்கில் தட்டி போட்டுவிடலாம் என்று யோசனை செய்தேன். மெல்லிசாகச் சீவிய மூங்கில் குச்சிகளைக் கயிற்றால் நெருக்கி முடைந்து, வேண்டும்போது சுருட்டித் தூக்கிக் கட்டிக்கொள்கிற தட்டி. சட்டத்துக்குள் பொருத்தமாகத் தொங்கவிட்டு அடிப்பக்கத்தைக் கொஞ்சம் வெளியே தள்ளிக் கட்டினால், சாரல் தட்டியில் பட்டு வெளியே வடிந்துவிடும், காற்று கீழாக வரும். டாக்டர் சொன்ன இரண்டும் நடக்கும். யோசனையில் ஒரு குறையும் இல்லை.

சித்திரையில் ஒருநாள் வீட்டைப் பார்த்து முடிவு செய்யத் தனியாகப் போனேன். கையில் அளவு டேப்பு இல்லை. சன்னலை அண்ணாந்து பார்த்தால், மேல் சட்டத்தின் உள்பக்கத்தில் உளியால் கீறி வைத்திருந்தது, 48, 36 என்று. செய்த ஆசாரியே போட்ட எண்கள். நாற்பத்தெட்டு அங்குலம் என்றால் நாலடி, முப்பத்தாறு என்றால் மூன்றடி. இதைவிடக் கச்சிதமாக ஒரு அளவு வாய்க்குமா. சட்டைப் பையிலிருந்து காகிதத்தை எடுத்து, 'அகலம் நாலு அடி, உயரம் மூன்று அடி' என்று அழகாக எழுதிக்கொண்டேன். அங்குலம் என்ற வார்த்தை சட்டத்தில் இல்லை. அதைப் போட்டது நான்.

அன்றைக்கு மத்தியானமே தென்காசியில் தட்டிக்காரரிடம் போனேன். வயதானவர், வாயில் வெற்றிலை. காகிதத்தைப் பார்த்துவிட்டு, "சட்டத்துக்கு உள்ள வருதா, வெளிய தொங்கப் போறீயளா?" என்று கேட்டார். உள்ளே என்றேன். "அப்பம் மேல, நடுவுல, கீழ, மூணு எடத்துலயும் அளந்து, அதுல சின்னத எழுதிட்டு வாங்க. சன்னலு கண்ணுக்குத்தான் சதுரமா இருக்கும். இல்லன்னா நானே ஒரு நட வந்து பாத்துட்டு வாரேன்" என்றார்.

அவர் வந்தால் யாருக்கு என்று கேட்பார். யாருக்கு என்று கேட்டால் என்ன சீக்கு என்று கேட்பார். இந்த வீடும் கைவிட்டுப் போய்விடும் என்று எனக்குப் பயம். வேண்டாம், ஆசாரி போட்ட அளவு, தப்பாது என்றேன். அவர் காகிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

சாயங்காலம் வந்து அக்காவிடம் சொன்னேன். தென்காசி வீட்டில் சுவர் ஓரமாகப் படுத்திருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "ஏலே, நீ அளந்தியா?" என்றாள்.

"எழுதியே இருக்குக்கா."

"எழுதியிருக்குன்னு சொல்லுத. நீ அளந்தியான்னு கேக்கேன்."

"கட்டுன ஆசாரி வெட்டி வச்சிருக்கான். அவனவிட எனக்கா தெரியப் போவுது?"

"நகலு குமாஸ்தா" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறுமோ என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாறவில்லை. "பெட்டியில என் தையல் டேப்பு இருக்கு. நாளைக்கு எடுத்துட்டுப் போயி ஒரு தடவ வச்சுப் பாத்துட்டு வந்திருலே" என்றாள். சரி என்றேன். போகவில்லை. குற்றாலம் எங்கே இருக்கிறது, ஆபீஸ் விட்டுப் பஸ் ஏறினால் கால் மணி நேரம். அந்தக் கால் மணி நேரத்தைத்தான் இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

வைகாசி கடைசியில் அவளை ஒரு குதிரை வண்டியில் குற்றாலத்துக்குக் கொண்டுவந்தேன். நடக்க விடக்கூடாது என்பதால் வண்டியிலிருந்து தூக்கிக் கொண்டுபோய்க் கட்டிலில் விட்டேன். எடையே இல்லை. அப்போதுதான் முதல்முறையாக அந்தச் சன்னலைப் பார்த்தாள். வெளியே மலை வெறுமனே நின்றது, மேகம் இல்லை, அருவியில் தண்ணீர் இல்லை, பாறை காய்ந்து கிடந்தது. "நல்லாருக்குலே" என்றாள். எனக்கு அந்தக் காய்ந்த பாறையைப் பார்க்கப் பார்க்க நிம்மதியாக இருந்தது. அப்படியே இருந்துவிடக்கூடாதா என்று வேண்டிக்கொண்டேன். குற்றாலத்தில் அருவி விழக்கூடாது என்று வேண்டிக்கொண்ட ஆள் நான் ஒருத்தனாகத்தான் இருப்பேன்.

தட்டி ஒரு வாரத்தில் வரும், பத்து நாளில் வரும் என்று தள்ளிக்கொண்டே போனது. அதற்குள் காற்று மாறிவிட்டது. தென்மேற்கில் மலை முகட்டில் காலையில் ஒரு துண்டு மேகம் உட்காரும், மத்தியானத்தில் கலையும். அடுத்த நாள் கலையாது. கணவாய் வழியாக வரும் காற்று வீட்டுக்குள் புகுந்து, கதவில்லாத சன்னல் கம்பிகளில் ஒரு மாதிரி முனகும். கடைத்தெருவில் சீசனுக்குப் பந்தல் போட்டார்கள், பஸ்ஸில் எண்ணெய் வாசனையோடு ஆட்கள் வந்து இறங்கினார்கள். ஒவ்வொருத்தனும் அண்ணாந்து மலையைப் பார்த்து, "இன்னும் ரெண்டு நாளு" என்பான். நானும் பார்ப்பேன்.

தட்டி வந்த அன்று காலையில்தான் முதல் சாரல். சுருளைப் பிரித்து மேல் சட்டத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு ஓரத்தை ஒட்டிப் பிடித்தால் மறு ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்கு வெளிச்சம். உயரத்திலும் குறைச்சல். நான் தலைகீழாகப் பிடித்திருக்கிறேனோ என்று திருப்பிப் பிடித்தேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் பிடித்தேன். அக்கா கட்டிலில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

தட்டியைத் தூக்கிக்கொண்டு தென்காசிக்குப் போய்த் தட்டிக்காரரைச் சத்தம் போட்டேன். அவர் அடிக்கோலை எடுத்துத் தட்டியின் மேல் வைத்தார். நாலடி, மயிரிழை பிசகவில்லை. மடித்த காகிதத்தையும் எடுத்துக் காட்டினார். என் கையெழுத்து, அடித்தல் திருத்தல் இல்லாமல். வேறு ஒன்று முடைந்து கொடுங்கள் என்று கெஞ்சினேன். "சாரல் விழுந்தாச்சு தம்பி. இனி சீவுன மூங்கிலு காயாது, காயாம முடைஞ்சா பூசணம் பிடிச்சு இத்துப் போவும். ஆவணி கழியட்டும்" என்றார். அவருக்கு ஆவணி என்பது ஒரு மாதம். எனக்கு அது ஏதோ கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர் மாதிரி இருந்தது.

இடைவெளியில் பலகை அடிக்கச் செங்கோட்டைப் பக்கத்து ஆசாரி ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் சன்னலைப் பார்த்ததும் மேலே கீறியிருந்த எண்களைத் தடவினார். "இது இஞ்சு இல்லல்லா அண்ணாச்சி. விரலாக்கும்" என்றார். தன்னுடைய கோலை எடுத்துச் சட்டத்தில் வைத்தார். ஒரு கோலுக்கு இருபத்துநாலு விரல். இரண்டு தடவை வைத்ததும் சன்னலின் அகலம் சரியாக முடிந்துவிட்டது. அவர்கள் கோலில் ஒரு விரல் என்பது நம்முடைய அங்குலத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அந்தக் கொஞ்சம் நாற்பத்தெட்டு தடவை சேர்ந்து ஒரு சாண் ஆகிவிட்டது. மலைக்கு அந்தப் பக்கத்து எண்ணை இந்தப் பக்கத்து அளவாக வாசித்திருக்கிறேன். ஆசாரி சின்னக் குழந்தைக்குச் சொல்வதுபோலப் பொறுமையாகச் சொன்னார். எனக்கு அவரை அடிக்க வேண்டும்போல் இருந்தது.

சாரல் என்பது மழை அல்ல. மழை மேலிருந்து விழும், ஓடு தடுக்கும். சாரல் பக்கவாட்டில் மிதந்து வரும். பலகை அடித்தும், பலகைக்கும் தட்டிக்கும் நடுவில் சாக்கைத் திணித்தும் அது வந்தது. பலகையின் முகத்தில் பட்ட தண்ணீர் வெளியே வடிய வழியில்லாமல் பின்பக்கமாக இறங்கிச் சுவரில் வழிந்தது. ஒரு வாரத்தில் சுவர் ஆள் உயரத்துக்குக் கறுத்தது. சலவைத் துணி காயவில்லை, தீப்பெட்டி பற்றவில்லை, தலையணையைப் பிழிந்தால் தண்ணீர் வரும்போல இருந்தது. ஆபீஸில் எழுதும்போது காகிதத்தில் மை பரவினால்கூட அவள் படுக்கைதான் ஞாபகம் வந்தது.

ஆடி பிறந்து வெயில் எட்டிப்பார்த்த ஒரு காலையில் அக்கா கேட்டாள், "அந்தப் பலகைய எடுத்துருலே. மூச்சு முட்டுது. அதுதான் தண்ணிய உள்ள விடுது."

அவள் சொன்னது நிஜம்தான். பலகையைப் பெயர்த்துவிட்டு அந்த இடத்தில் தண்ணீர் இறங்காத எண்ணெய்த் துணியை மேலும் கீழும் ஆணி அடித்துக் கட்டினேன். வெயில் இருந்ததால் ஒரு ஓரத்தை மட்டும் மடித்துவிட்டேன். மடிப்பில் மலையின் ஒரு கீற்று தெரிந்தது. அவள் அந்தப் பக்கமாகத் தலையைத் திருப்பிப் படுத்துக்கொண்டாள். முகத்தில் கொஞ்சம் ரத்த ஓட்டம் இருந்தது என்றுகூட நினைத்தேன். பக்கத்து வீட்டு அம்மாளிடம் மத்தியானம் ஒருமுறை எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு ஆபீஸ் போனேன்.

பதினொரு மணிக்குத் தென்காசியிலேயே வானம் இருண்டது. எழுதிக்கொண்டிருந்த பத்திரத்தை முடித்துவிட்டுத்தான் எழுந்தேன், பாதியில் விட்டால் அடுத்தவன் தப்பாக எழுதிவிடுவான் என்று. பஸ்ஸில் எல்லாரும் குளிக்கப் போகிற குஷியில் இருந்தார்கள். எதிரே மலையே இல்லை, இருந்த இடத்தில் வெள்ளையாக ஒன்று இறங்கிக்கொண்டிருந்தது.

எண்ணெய்த் துணி ஆணியைப் பிய்த்துக்கொண்டு கம்பியில் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. கட்டில் முழுக்க நனைந்திருந்தது. அக்கா எழுந்து நகரப் பார்த்திருக்கிறாள், முடியவில்லை. ஒரு கால் தரையில் தொங்கியது. போர்வையைச் சுருட்டி நெஞ்சின்மேல் இறுக்கிப் பிடித்திருந்தாள். அந்தப் போர்வையிலிருந்தும் சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு அம்மாள் அருவியில் தண்ணீர் கொட்டுகிறது என்று பார்க்கப் போயிருந்தாள். அவளை நான் குறை சொல்ல மாட்டேன்.

"ஒன்னுமில்லலே, லேசாத்தான் நனைஞ்சுது" என்றாள் அக்கா. பல் கிட்டிப்போய் வார்த்தை குழறியது.

மறுநாள் காய்ச்சல். நாலாம் நாள் இருமலில் ரத்தம். தென்காசி டாக்டர் வந்து நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என் முகத்தைப் பார்க்காமல் பையை மூடினார். திருநெல்வேலிக்குக் கொண்டுபோங்கள் என்றார். எதற்கு என்று நான் கேட்கவில்லை.

வாடகைக் காரில் பின் இருக்கையில் அவள் தலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தென்காசியைத் தாண்டியதும் சாரல் நின்று, வெயில் வந்து, ரோடெல்லாம் காய்ந்து கிடந்தது. இத்தனை பக்கத்தில் இத்தனை காய்ந்த பூமி இருந்திருக்கிறது. ஆலங்குளத்துக்குக் கொஞ்சம் முன்னால் அக்கா கண்ணைத் திறந்தாள்.

"நீ அந்தத் தட்டியவே நெனச்சுக்கிட்டு வருத" என்றாள்.

அவள் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டேன்.

"எனக்கு அது சின்னதுன்னு முன்னாலயே தெரியும்லே. சன்னல நான் சாண் போட்டுப் பாத்திருந்தேன். ஏழு சாணு. நீ தட்டிக்காரருகிட்ட நாலடின்னு எழுதிக் குடுத்தேன்னு வந்து சொன்னியே, அப்பமே கணக்கு ஒதச்சுது. வேணும்னுதான் சொல்லல. சரியா அடச்சுட்டா மலை தெரியாதுல்லா."

ஒரு மாதமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒன்று சட்டென்று இறங்கியது. அந்த இடத்தில் கோபம் ஏறியது. "அறிவிருக்காக்கா உனக்கு? அன்னைக்கே வாயத் தொறந்து சொல்லித் தொலச்சிருந்தா இப்படி ஆயிருக்குமா? உன்னால நான் எத்தன நாளு தூங்காம கெடந்திருக்கேன்" என்று கத்தினேன். டிரைவர் திரும்பிப் பார்த்தார்.

"தப்புதான்லே" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

அவள் சொன்னது பொய். நான் தட்டிக்காரரிடம் அந்தக் காகிதத்தைக் கொடுத்த அன்று அவள் தென்காசி வீட்டில் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். குற்றாலத்துச் சன்னலைக் கண்ணால் கண்டதே அதற்கு எத்தனையோ நாள் கழித்துத்தான். கண்ட பிறகும் எழுந்து நின்று சாண் போடுகிற தெம்பு அவளுக்கு இருந்ததில்லை. கணக்கு டீச்சர் இவ்வளவு மோசமாக ஒரு கணக்கைப் போட்டு நான் பார்த்ததில்லை. இதெல்லாம் பின்னால் யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. அவள் சொல்லி முடிக்கும்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் கத்தினேன்.

ஆஸ்பத்திரியில் மூன்று நாள் இருந்தாள். நினைவு வருவதும் போவதுமாக இருந்தது, பேச்சு வரவே இல்லை. அவள் என்னிடம் கடைசியாகப் பேசிய பேச்சு, என்னுடைய தப்புக்கு அவள் கேட்ட மன்னிப்பு. நான் சரி போகட்டும் என்றுகூடச் சொல்லவில்லை.